லீலாவின் இருக்கையும் ஆம்பூர்த் தோலும்

1

பினாங்குத் துறைமுகத்தில் நான் கால் வைத்த தேதி வருஷா வருஷம் திரும்பி வருகிறது. வந்தால் சும்மா போவதில்லை. என்னை ஒரு முட்டாள்தனம் செய்ய வைத்துவிட்டுத்தான் போகிறது. போன வருஷம் அந்தத் தேதியில் மீசையை எடுத்தேன். வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. என் மனைவி கோவிந்தம்மா நாயின் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

இந்த வருஷம் அதைவிட மோசம். எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஒரு பெரிய மனிதர் வீட்டில் தேநீர் விருந்து. இங்கே மோட்டார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் அங்கத்தினர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குள் வட்டமாக ஒரு சாலை வெட்டி முடித்தாயிற்றாம். அதைச் சுற்றிக் கார்ப் பந்தயம் விடப்போகிறார்களாம். வெயிலில் வெந்து சிவந்த கழுத்துகளோடு, தொப்பையைத் தடவிக்கொண்டு, மணிக்கு எத்தனை மைல் என்று ஆளுக்கு ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கக் கேட்கக் குமட்டியது. குமட்டலை அடக்கத் தேங்காய்ப்பால் கேக் ஒன்றை வாயில் திணித்தேன். அந்தச் சமயம் பார்த்து ஒருவர், “நீங்களும் ஓட்டுகிறீர்கள் அல்லவா?” என்றார்.

கேக் நன்றாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

மறுநாள் சங்கத்து வாசல் பலகையில் என் பெயர் இருந்தது. எழுத்துப்பிழையே இல்லை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் பெயரைச் சரியாக எழுதியவர்கள் கிடையாது. சாகடிக்கப் போகும்போது மட்டும் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

2

என் வண்டி எது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கியது. சிவப்பு வர்ணம், நீளமான மூக்கு, படகு மாதிரி கூராக முடியும் வால், இரண்டே இருக்கை. வேகத்துக்காகச் செய்த வண்டிதான். ஆனால் என்னிடம் வந்தபிறகு அது சாதுவாகிவிட்டது. காலையில் என்னையும் என் மகள் லீலாவையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போகும். அவளைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, என்னைத் தோல் கடையில் கொண்டுவந்து சேர்க்கும்.

லீலாவுக்கு வயது பதினைந்து. வீட்டில் அவள் அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தெருவில் நான் தமிழில் கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். “ப்ளீஸ், டாடி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். ஆனால் காரில் மட்டும் தமிழ் பேசுவாள். காரணம், எஞ்சின் போடுகிற சத்தத்தில் அவள் பேசுவது வெளியே யாருக்கும் கேட்காது. பள்ளிக்கூட வாசல் வந்து வண்டி நின்றதும் தமிழும் நின்றுவிடும்.

அந்தத் தமிழும் ஒரு தினுசு. மரியாதையாகப் பேசு என்று அவள் அம்மா சின்ன வயதில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு மரியாதை என்பதைத்தான் விட்டுவிட்டாள். “அப்பா, அந்த நாய் நம்மள பாக்கறாங்க” என்பாள். காக்கா வருவாங்க. தலைமைக் கன்னியாஸ்திரி மட்டும், “அது இன்னிக்கு என்னைத் திட்டுச்சு.” நான் திருத்துவதில்லை. திருத்தினால் இருப்பதும் போய்விடும்.

பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டதும் சீன மெக்கானிக் ஆ லோக்கை வரவழைத்தேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆட்டை வாங்க வந்த கசாப்புக்காரன் தொடையைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பார்த்தான். அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“இந்த மட்கார்டு போகணும். முன்கண்ணாடி போகணும். மேல்துணி, விளக்கு, எல்லாம் பாரம், போகணும். எஞ்சின் தலையைக் கொஞ்சம் சீவணும். ஸ்பிரிங் கெட்டியாப் போடணும்.” கடைசியில் லீலாவின் இருக்கையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். “இது கட்டாயம் போகணும். பந்தயத்துல பக்கத்துல ஆள் எதுக்கு?”

“பிரேக்?” என்றேன்.

பெண்கள் இருக்கும் இடத்தில் நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் முகத்தைச் சுளித்தான்.

“பந்தயம் முடிஞ்சதும் எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடலாமா?”

“போடலாம். தகரத்தைப் போடலாம். தலை சீவின எஞ்சின் தெருவுக்கு ஒத்துவராது. சாதாரண பெட்ரோல் குடிக்காது. மெதுவாப் போனா இருமும், நின்னா செத்துடும். ஒண்ணு தெரு, ஒண்ணு பந்தயம். ரெண்டும் ஒரே வண்டிக்கு ஆகாது.”

கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்த லீலாவுக்கு ஒரே குஷி. அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தகப்பனாரும் பந்தயத்தில் ஓடுகிறாராம். தன் இருக்கை போவதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “நான் பள்ளிக்கூட பஸ்ஸில் போய்க்கொள்வேன், டாடி” என்றாள், இங்கிலீஷில். எஞ்சின் ஓடவில்லை பாருங்கள்.

அன்று ராத்திரி கோவிந்தம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “இன்னாங்க இது? தலையைச் சீவப்போறானாமே? உங்க தலையையா, வண்டி தலையையா?”

“வண்டி தலைய.”

“உங்க தலைய சீவ சொல்லுங்க. பாரம் கம்மியாவும்.”

3

பயம் என்று சொல்ல வெட்கம். அதனால் வண்டியை மாற்றுவது லாபமா நஷ்டமா என்று யோசிப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேர் கேட்டால் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு பிரசங்கம்; நாலு பேர் சேர்ந்தால் பெட்ரோலைப் பற்றி. உள்ளே என்ன நடந்தது என்று நான்தானே அறிவேன்? படுத்தால் பாயே வளைவில் திரும்புவது போல் இருந்தது. சோற்றைப் பிசையும்போது கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பியது. எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பு.

சர்க்கார் ஏதாவது தடை சொல்லி என்னைக் காப்பாற்றும் என்று நம்பி, வண்டிகளைப் பதிவு செய்கிற ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நம் மொழிதான், ஆனால் அவர் பேசினால் நானும், நான் பேசினால் அவரும் நெற்றியைச் சுருக்கவேண்டியிருந்தது.

“மட்கார்ட் இல்லாத காரை ரோட்டிலை விடேலாது, விளங்குதோ?”

“அப்ப பந்தயத்துக்கு எப்டி சார் எடுத்துக்கிட்டு போறது?”

“லொறியிலை ஏத்திக்கொண்டு போங்கோ. இல்லையெண்டால் மாட்டு வண்டி.”

“மாட்டு வண்டிலயா? பந்தயக் காரையா?”

“அது உங்கட பிரச்சினை. பதிவை ரத்துச் செய்யவேணும். பிறகு திரும்பத் தெருவுக்குக் கொண்டுவாறதெண்டால் புதுசா விண்ணப்பிக்கவேணும். குடுப்பினமோ எண்டு நான் சொல்லேலாது.”

தடை சொல்வார் என்று பார்த்தால், வழி சொல்லி அனுப்பிவிட்டார். உருப்படியான உத்தியோகஸ்தர்கள் என்றாலே எனக்குக் குடலைப் புரட்டுகிறது.

4

ஆ லோக் கடைசியாக ஒன்று கண்டுபிடித்தான். கிளச்சு வழுக்குகிறது.

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குப் பிடித்துக் கொடுப்பது கிளச்சு. என் வண்டி பழங்காலத்தது; அதில் கிளச்சு என்பது ஒரு இரும்புக் கூம்பு, கூம்பைச் சுற்றி ஒரு தோல் பட்டை. அந்தத் தோல் தேய்ந்துபோயிருந்தது. “புதுத் தோல் வாங்கணும்” என்றான்.

தோல்! ஆம்பூர்க்காரனிடம் வந்து தோல் வாங்கணும் என்கிறான்!

என் கடையில் நான் விற்பதெல்லாம் சீமையிலிருந்து வரும் தோல்தான். ஆனால் கடை வாசலில் பெருமைக்காக ஒரு முழு மாட்டுத்தோல் தொங்கும். தோல் பதனிடும் நம்மூர் டேனரியில் ஆவாரம் பட்டையில் ஊறி, எண்ணெய் தடவிக் காயவைத்து, ஒரு சிநேகிதர் கையோடு கப்பலில் வந்தது. அதை இறக்கி ஆ லோக்கிடம் கொடுத்தேன். அவன் மோந்து பார்த்தான். மூக்கைத் திருப்பிக்கொண்டான்.

“வேற எதாவது?” என்றான்.

“இதைவிட உசத்தி உலகத்துலயே கிடையாது” என்றேன்.

நம்மூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஆகையால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை. நம் ஊரில் தோல் வேலை எப்போது முடிகிறது? கட்டாகக் கட்டி ரயிலேறினால் முடிந்தது. அப்புறம் அது மதராஸ் போய், கப்பலேறி, லண்டன் போய், அங்கே அதன் எண்ணெயையும் பட்டைச் சாற்றையும் உருவி எடுத்து, மறுபடி பதம் செய்து, அதன்பிறகுதான் செருப்பாகவோ பட்டையாகவோ ஆகிறது. ரயிலுக்கு அந்தப் பக்கம் நடப்பதை நம்மில் யார் பார்த்தோம்? பாதி வேலையை முழு வேலை என்று நினைத்தே தலைமுறை தலைமுறையாக மார்தட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் தட்டினேன். இத்தனைக்கும் நான் தோல் வியாபாரி.

போதாக்குறைக்குத் தோல் கிளச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டால் மிருதுவாகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். காய்ந்த தோலுக்குச் சொன்ன வைத்தியம் அது. ஏற்கெனவே எண்ணெயில் ஊறிய நம்மூர்த் தோலுக்கு ஒரு கிண்ணம் ஊற்றினேன். சின்ன வயதில் என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய், அதே வாடை. சகுனம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

தூரியான் பழத்தின் நாற்றத்தைப் பற்றி இங்கே வருகிற தமிழர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊருக்கு எழுதுகிறார்கள். ஆம்பூர்க்காரனுக்கு அது பன்னீர். பச்சைத் தோலும் சுண்ணாம்புக் குழியும் பாலாற்று மணலில் தேங்கிய கழிவுத் தண்ணீரும் சேர்ந்த காற்றைக் குடித்து வளர்ந்தவன் நான். ஊரில் இருக்கும்வரை அது நாற்றம் என்றே தெரியாது. கப்பலேறப் புறப்பட்ட அன்றுதான் தெரிந்தது. ஜோலார்பேட்டையில் வண்டி மாறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். எதிரில் இருந்தவர் போனார். குழந்தை ஒன்று என்னைக் காட்டி அழுதது. நல்ல கூட்டம், ஆனால் முழு பெஞ்சும் எனக்கே. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன், விழித்தபடியே. இனி இந்த வாடை என் பக்கம் வரக்கூடாது என்று அந்த பெஞ்சில்தான் சபதம் செய்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக் கிளச்சோடு, பந்தயச் சாலையைப் பார்த்துவர நானும் லீலாவும் போனோம். மட்கார்டும் இருக்கையும் இன்னும் கழற்றவில்லை. திங்கள்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேரே ஆ லோக் கொட்டகைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

தோட்டத்துக்குள் ஒரு மேடு. ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். எஞ்சின் இன்னும் கத்தியது. காலடிப் பலகையின் இடுக்கிலிருந்து புகை வந்தது. அப்புறம் வந்தது வாடை.

அந்த வாடையை நான் எப்படி எழுதுவேன்? கருகிய மயிர், சுண்ணாம்பு, அழுகிய கொழுப்பு, ஆவாரம் பட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த விளக்கெண்ணெய். கடல் தாண்டி, பெயரெடுத்து, சிவப்புக் கார் வாங்கி, அதன் வயிற்றுக்குள் நானே கைக்காசு போட்டு ஆம்பூர்க் குழியை வெட்டிவைத்திருக்கிறேன்.

லீலா கைக்குட்டையை மூக்கில் அமுக்கிக்கொண்டாள். எஞ்சின் கத்திக்கொண்டிருந்ததால் தமிழில்தான் கேட்டாள்: “அப்பா! இது இன்னா நாத்தம்?”

“நம்ம ஊரு” என்றேன்.

வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை ஓடவிட்டபடியே நின்றோம். நிறுத்தினால் மறுபடி கிளப்பமுடியுமோ என்று பயம். புகை அடங்கும்வரை அவளுக்கு எங்கள் நைனாவின் கதையைச் சொன்னேன். ஊரில் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம் என்பதைக்கூட அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

நைனாவிடம் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று இருந்தது. ரயிலில் வந்திறங்கும் உப்புத் தோலை ஸ்டேஷனிலிருந்து டேனரிக்கு இழுப்பது வேலை. மாட்டின் பெயர் செவலை. நல்ல மாடு, கண்ணை மூடிக்கொண்டே வழி போகும். ஒரு வருஷம் பொங்கலுக்கு முன்னால் நைனாவுக்குப் புத்தி மாறியது. நம் பக்கத்தில் பொங்கலையொட்டி மாடு விடுவார்களே, தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று விசிலடித்துத் தகரம் தட்ட, நடுவில் ஒவ்வொரு மாடாகப் பறக்குமே, அதில் செவலையை விட்டே தீருவேன் என்றார்.

“வண்டி இழுக்கற மாடாடா அது? ராஜா மாடு! இந்த வருசம் பாரு, எவன் மாடும் அது வாலக்கூட பாக்க முடியாது.”

வண்டியில் பூட்டுவதை நிறுத்தினார். ஆற்று மணலில் ஓட்டினார். சத்தம் கேட்டால் பாயவேண்டும் என்று பழக்க, நானும் அவரும் தகர டின்னைத் தட்டிக்கொண்டே பின்னால் ஓடினோம். செவலை ஜெயித்தது. கொம்பில் பட்டுத் துண்டு கட்டினார்கள். நைனா தெருவில் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே!

பொங்கல் முடிந்தது. மறுபடி வண்டியில் பூட்டினோம். கோடை தொடங்கும் சமயம், வண்டி நிறைய உப்புத் தோல். பாதி புழு வைத்தது. கடைவீதியில் எதிரே ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை குதிரை மேல். டேனரி முதலாளி சாயபுக்கு அக்கா மகன். பேண்டு வாத்தியம் ஒரு தட்டுத் தட்டியது. செவலை பாய்ந்தது.

“அப்புறம்?” என்றாள் லீலா, கைக்குட்டையை எடுக்காமலே.

“அப்புறம் இன்னா? தோல் ஒண்ணொண்ணா வழுக்கி விழுந்துச்சு. பந்தல்ல, ஜமக்காளத்துல, அத்தர் தெளிக்கறவர் மடியில. மாப்பிள்ளை குதிரை ஒரு பக்கம் ஓடுது, மாப்பிள்ளை ஒரு பக்கம் ஓடறாரு. தலைல ஒரு தோலோட.”

முதலாளி சாயபு கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். தன் சட்டையிலிருந்து ஒரு புழுவை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “இன்னாப்பா, மாட்டுக்கு ஷோக் ஜாஸ்தியாயிடிச்சி. உனுக்கு புத்தி கம்மியாயிடிச்சி. நாளையிலேர்ந்து டேனரி கேட்டாண்ட வராதே. பேஜார்.”

வேலை போயிற்று. அதனால்தான் நான் கப்பலேறினேன்.

லீலா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். பிறகு கேட்டாள்: “அந்த மாடு இன்னா ஆனாங்க?”

“மறுபடி ஓட்டத்துக்கு விட நைனாகிட்ட காசு இல்ல. வண்டியில பூட்டினா படுத்துக்கும். எங்கியாவது மேளம் கேட்டா கயித்த அறுத்துக்கினு ஓடும். கடசில கணியம்பாடி பக்கம் ஒரு குடியானவருக்கு வித்துட்டாரு. அங்க சத்தமே கிடையாதாம்.”

அவள் தன் இருக்கையின் ஓரத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் கைக்குட்டையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது.

“நாளைக்கு ஆ லோக் இருப்பாங்களா?” என்றாள்.

“இருப்பான்.”

“ஓ” என்றாள். அது எந்த மொழி என்று எனக்குத் தெரியவில்லை.

6

திங்கள்கிழமை காலை. கிளச்சு ஆறியிருந்தது, நாற்றம் ஆறவில்லை. ராத்திரி முழுவதும் வீட்டுக் கொட்டகையில் கிடந்து ஊறிப்போயிருந்தது. கோவிந்தம்மா வாசலில் வந்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். “ஐயே! ஆம்பூரு டேசன் மாதிரி கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடற்கரைச் சாலையில் லீலா பேசவில்லை. கடைசிச் சவாரி, ஏதாவது பேசுவாள் என்று பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாய் ஒன்று பார்த்தது, அதைக்கூடச் சொல்லவில்லை. வளைவுகளைப் பற்றிய பயம் அன்று என்னவோ இல்லை. அதைவிடப் பெரிய ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூட வாசல். வரிசையாகக் கார்கள், வெள்ளை உடுப்பில் பெண்கள், தலைமைக் கன்னியாஸ்திரி. கிளச்சை மிதித்தேன். வீங்கிய தோல் கூம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வண்டி ஒரு குதி குதித்து, எஞ்சின் செத்தது.

எங்கும் நிசப்தம். பலகை இடுக்கிலிருந்து புகை, பெரிய மனிதர் சுருட்டுப் பிடிப்பதுபோல் சாவகாசமாக வந்தது. முன்னால் இருந்த டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் காரைத் தள்ளி நிறுத்தினார். பின்னால் இருந்தவரும் நகர்ந்தார். பெண்கள் கூட்டம் பின்வாங்கியது. ஜோலார்பேட்டை பெஞ்சு மாதிரி, வாசலே எங்களுக்கு.

லீலா இருக்கை மேல் ஏறி நின்றாள். “டாடி, ப்ளீஸ்” வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“நைனா!” என்று கத்தினாள். எஞ்சின் ஓடவில்லை, எல்லார் காதிலும் விழுந்தது. “வண்டி நாறுறாங்க, நைனா! எடுத்துக்கினு போ!”

அவள் தோழிகள் வாயைப் பிளந்தார்கள். அவள் அதைப் பார்க்கவே இல்லை. கீழே குதித்து, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் வண்டியின் வாலைத் தள்ள ஆரம்பித்தாள். “நீ கம்முனு ஸ்டியரிங்க புடி! அப்டி இல்ல, இந்தப் பக்கம்!” பந்தயத்தில் ஓடப்போகிறாரே ஒரு தகப்பனார், அவர் மகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கை கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தெருமுனை வரையிலும் லீலா என்னைத் தமிழில் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைகூட நான் திருத்தவில்லை.

தெருமுனையில் ஒரு மாட்டு வண்டிக்காரர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர் சொன்ன மாதிரியே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம்.

ஆ லோக் ஸ்பானரும் கையுமாகக் காத்திருந்தான். லீலாவின் இருக்கையைக் கழற்றக் குனிந்தான். நான் அதில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“கிளச்சுக்குச் சீமைத் தோல் போடு. வேற எதையும் தொடாதே” என்றேன்.

“பந்தயம்?”

“வேண்டாம்.”

“ஏன்?”

“நாறுது” என்றேன்.

கிளச்சைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.